இளையோர் நாவல் படித்துவிட்டுக் கருத்துச் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்பருவ வாசகர்கள் கூடிப் புத்தகம் பேசும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். முதலில் வருபவை இப்போதுதான் ஆரம்பிப்பவர்களுக்கு. போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை வரும்.

இளையோர் நாவல்னா என்ன? பள்ளிக்கூடத்துல நடக்குற கதை எல்லாமே அதுல சேருமா?

சேராது. கதை எங்கே நடக்கிறது என்பதைவிட, யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். நாற்பது வயதுக்காரர் தன் பள்ளி நாட்களை நினைத்துப் பார்த்து எழுதினால் அது பெரும்பாலும் பெரியவர்களுக்கான நாவல். அவருக்கு எல்லாம் எப்படி முடிந்தது என்று தெரியும். பதினாறு வயதுப் பாத்திரத்துக்கு அந்த வசதி கிடையாது. நாளை என்ன ஆகும் என்று தெரியாமல், நடக்கும்போதே அருகில் நின்று சொல்லும் கதையைத்தான் இளையோர் நாவல் என்கிறோம். வாசகர் வயதாக 12 முதல் 18 வரை என்று நூலகங்கள் பொதுவாகக் கணக்கு வைக்கின்றன.

இந்த வகைக்கு வழி திறந்துவிட்ட புத்தகங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வந்தது. எஸ். ஈ. ஹிண்டன் அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15, புத்தகமாக வெளிவந்தபோது 18. தன் வயதைப் பற்றிப் பேச இன்னும் வயதாகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

சமகாலக் கதைன்னா இந்த வருஷம் வந்ததா இருக்கணுமா?

வேண்டியதில்லை. மாயம், வேற்றுக்கிரகம், எதிர்கால அரசு எதுவும் இல்லாமல் நாம் வாழும் உலகத்திலேயே நடக்கும் கதை என்பதுதான் பொருள். ஆனால் முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று பதிப்பு விவரப் பக்கத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள். மொழிபெயர்ப்பாக இருந்தால் மூலம் வந்த ஆண்டையும் பாருங்கள். பதினைந்து ஆண்டு பழைய நாவலில் யாரும் காணொலி அழைப்பில் பேசவில்லை என்பதைக் குறையாகச் சொல்லக் கூடாது.

கதைச் சுருக்கம் எழுதினா போதாதா? அதுதானே விமர்சனம்?

சுருக்கம் பின்னட்டையிலேயே இருக்கிறது. வாசகர் உங்களிடம் எதிர்பார்ப்பது, படித்தபோது உங்களுக்கு என்ன ஆனது, எந்த இடத்தில், எதனால் என்பதை.

300 சொற்களில் எழுதுகிறீர்கள் என்றால் கதைக்கு 60, 70 சொற்கள் தாராளம். யார், எந்த நெருக்கடியில் இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம். ‘பிறகு’, ‘அதற்கப்புறம்’ என்று மூன்றாவது முறை எழுதுகிறீர்கள் என்றால் சுருக்கத்துக்குள் வழுக்கிவிட்டீர்கள்.

‘நல்லா இருந்துச்சு’ங்கறதைத் தாண்டி எனக்கு எதுவுமே வரமாட்டேங்குது. என்ன பண்றது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். வார்த்தை வராததற்குக் காரணம் பெரும்பாலும் மொழியறிவுக் குறைவு கிடையாது. படித்து முடித்த பிறகு மொத்தப் புத்தகத்தையும் ஒரே உணர்வாக நினைவுபடுத்திக்கொள்ளப் பார்க்கிறோம், அது பஞ்சுப்பொதி மாதிரி கைக்குப் பிடிபடாமல் நிற்கிறது. படிக்கும்போதே குறித்து வைத்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். ஐந்தாறு ஒட்டுத்தாள் போதும். நான்கு வகை இடங்களில் ஒட்டுங்கள்: திரும்பப் படித்த இடம், சலித்துப்போய்ப் புத்தகத்தை மூடி வைத்த இடம், ‘இப்படியா பேசுவார்கள்’ என்று நம்ப முடியாமல் நின்ற இடம், உங்கள் ஊகம் பொய்த்த இடம். மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்கம் மாறிவிடும் என்பதால் அத்தியாய எண்ணைக் குறியுங்கள். முடித்த அன்றே எழுதாமல் ஓர் இரவு விடுங்கள். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் பத்து நிமிடம் எழுதிவிட்டு, அப்புறம் ஒட்டுத்தாள்களைப் பாருங்கள். இரண்டிலும் வருவது எதுவோ அதுதான் உங்கள் கருத்தின் நடுத்தண்டு.

ஒரு கற்பனை நாவலை வைத்துப் பார்ப்போம். அப்பாவுக்கு வேலை போனதை வீட்டில் யாரும் பேசாத கதை. முதலில் எழுதியது: “கதை ரொம்ப அருமை. பாத்திரங்கள் உயிரோட்டமாக இருக்கின்றன. கடைசி வரை விறுவிறுப்பு. எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும்.” இந்த நான்கு வரியை எந்தப் புத்தகத்தின் கீழும் ஒட்டலாம். ஒட்டுத்தாளைப் பார்த்துத் திருத்தி எழுதியது: “அப்பாவுக்கு வேலை போனது தெரியவரும் இடத்தில் யாரும் அழவில்லை. தினமும் தேய்த்துப் போட்டுக்கொண்டு போகும் சட்டை சாயங்காலமும் மடிப்புக் கலையாமல் இருப்பதை மகள் பார்க்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் அதையே அவள் தோழியிடம் ஒன்றரைப் பக்கம் விளக்கும்போது அந்த அதிர்ச்சி நீர்த்துப்போகிறது.” ‘அருமை’ என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் எது அருமை, எது சறுக்கல் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஸ்பாய்லர்னா எது? எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

இன்னும் படிக்காதவரிடம் கதையின் ரகசியத்தை முன்கூட்டியே உடைத்துவிடுவதுதான் ஸ்பாய்லர். பின்னட்டையில் இருப்பதையும் புத்தகத்தின் முதல் கால் பகுதியில் நடப்பதையும் சொல்லலாம் என்பது பெரும்பாலும் கைகொடுக்கும் அளவு. 280 பக்க நாவலில் முதல் 70 பக்கம். அதற்குள்ளேயே பெரிய ரகசியம் உடைகிறது என்றால் அதையும் மறைத்துவிடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ‘கடைசியில் ஒரு பெரிய திருப்பம் இருக்கு, சொல்ல மாட்டேன்’ என்று எழுதினாலே பாதி உடைத்தாயிற்று. அடுத்தவர் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தத் திருப்பத்தைத் தேடிக்கொண்டே படிப்பார். முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டு, எப்படி நடந்தது என்பதைச் சொல்லுங்கள்: “இருநூறு பக்கம் பொறுமையாக வளர்த்த சண்டையை ஒரே தொலைபேசி அழைப்பில் தீர்த்துவிட்டார்கள்.” விவரமாகவே எழுத ஆசையென்றால், ‘இனி வருவது முடித்தவர்களுக்கு மட்டும்’ என்று தனி வரி போட்டு, நாலைந்து வரி இடைவெளி விட்டுத் தொடங்குங்கள்.

நட்சத்திரம் எத்தனை கொடுக்கறது? நான் எல்லாத்துக்கும் நாலு போட்டுடறேன்.

எல்லாவற்றுக்கும் நாலு என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விடுகிறது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நீங்களே ஒரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 5 என்றால் திரும்பப் படிப்பேன், 4 என்றால் தோழிக்குக் கொடுப்பேன், 3 என்றால் படித்ததில் வருத்தமில்லை, 2 என்றால் சில இடங்கள் மட்டும் பிடித்தன, 1 என்றால் நேரம் வீண். பத்துப் புத்தகம் ஆனதும் ஒருமுறை வரிசையாகப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அடுத்தவர்கள் போட்டதைப் பார்க்கும்போது சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். பத்துப் பேரில் ஐந்து பேர் 5ம் ஐந்து பேர் 1ம் போட்டாலும் சராசரி 3தான், பத்துப் பேரும் 3 போட்டாலும் 3தான். முதலாவது வாசகர்களை இரண்டாகப் பிரித்த புத்தகம், பேசுவதற்கு நிறைய இருக்கும். இரண்டாவது யாரையும் அசைக்காமல் போனது.

பாதியிலேயே விட்டுட்டேன். அதைப் பத்தி எழுதலாமா?

தாராளமாக. எத்தனையாவது பக்கத்தில் விட்டீர்கள், ஏன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நட்சத்திரம் போடாதீர்கள், முடிவைப் பற்றி ஊகிக்காதீர்கள். ‘90ஆம் பக்கம் வரை ஏழு பாத்திரங்கள் அறிமுகமானார்கள், யார் யாரென்று தெரியாமல் விட்டுவிட்டேன்’ என்பது மிகவும் பயனுள்ள தகவல்.

கதாநாயகி ஒரே எரிச்சல். அதனால புத்தகம் மோசம்னு சொல்லலாமா?

இங்கே இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்புகிறது. பாத்திரம் எரிச்சலூட்டுவது வேறு, எழுத்து சரியில்லாமல் போவது வேறு. இளையோர் நாவல்களில் நிறைய, ‘நான்’ என்று தன்மையில் சொல்லப்படுபவை. பொய் சொல்லும், பொறாமைப்படும், தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒரு பெண்ணின் மண்டைக்குள் உட்கார்ந்தே மொத்தக் கதையையும் பார்க்கிறோம். அவள் சொல்வதெல்லாம் உண்மை என்று எழுத்தாளர் எங்கும் உறுதி கொடுக்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி இது: அவள் எரிச்சலூட்டுகிறாள் என்பது புத்தகத்துக்குத் தெரியுமா? இதைக் கண்டுபிடிக்க மற்ற பாத்திரங்களைப் பாருங்கள். தம்பி அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறானா? தோழி ஒருமுறையாவது எதிர்த்துக் கேட்கிறாளா? அவள் செய்ததற்கு ஏதாவது விலை கொடுக்கிறாளா? இவையெல்லாம் இருந்தால் எழுத்தாளர் தெரிந்தே செய்திருக்கிறார், உங்கள் எரிச்சல் அவர் எதிர்பார்த்ததுதான். யாரைக் காயப்படுத்தினாலும் எல்லோரும் அவளையே கொண்டாடிக்கொண்டிருந்தால் குறை எழுத்தில் இருக்கிறது. அதைத் தயங்காமல் எழுதுங்கள், இரண்டு இடங்களைக் காட்டி.

எல்லாம் சரியாகவே இருந்து, அப்படியும் அவளோடு 300 பக்கம் இருக்க முடியவில்லை என்றால் அதையும் எழுதலாம். ‘எழுத்து நன்றாக இருக்கிறது, எனக்கு ஒத்துவரவில்லை’ என்பது முழுமையான கருத்துதான்.

பெரியவங்க எழுதின கதையில எங்க பேச்சு போலியா இருக்கு. அதைச் சொல்ல நாங்க யாரு?

அதைச் சொல்லச் சரியான ஆள் நீங்கள்தான். வாக்கிய அழகு, கட்டமைப்பு இவற்றையெல்லாம் எந்த விமர்சகரும் சொல்வார். பதினைந்து வயதில் இரண்டு பேர் சண்டைக்குப் பிறகு எப்படிப் பேசாமல் இருப்பார்கள் என்பதை உங்களைப் போல அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ‘போலி’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் எந்த வகைப் போலி என்று பிரித்துச் சொல்லுங்கள். எழுதி முடித்து அச்சாகி வர ஓரிரு ஆண்டு ஆகிவிடுவதால் இளைஞர் பேச்சுச் சொற்கள் புத்தகம் கைக்கு வரும்போதே பழசாகிவிடும். இது சின்னக் குறை, மன்னிக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் மேடைப் பேச்சு மாதிரி முழு முழு வாக்கியமாகப் பேசினால் அது அதைவிடப் பெரிய குறை. பிள்ளையின் வாயில் பெரியவரின் அறிவுரை வந்து உட்கார்ந்துகொள்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். ‘அம்மா எனக்காகத்தான் இவ்வளவும் செய்தாள் என்று அன்று புரிந்தது’ என்று ஒரு பையன் அத்தியாய முடிவில் சொல்கிறான் என்றால், அந்தப் புரிதலுக்கு அவனைக் கொண்டுவந்த காட்சி எங்கே என்று தேடுங்கள். காட்சி இல்லையென்றால் பேசுவது எழுத்தாளர்.

மொழிபெயர்ப்பைத் தமிழில் படிக்கிறீர்கள் என்றால் இன்னொரு படி கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு கிடையாது. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதை மொழிபெயர்ப்பாளர்தான் தீர்மானிக்கிறார். ‘நீங்கள்’ என்று பேசிக்கொண்டிருந்த ஒருத்தி எந்த இடத்தில் ‘நீ’க்கு மாறுகிறாள் என்று பாருங்கள். சரியான இடத்தில் மாறினால் மொழிபெயர்ப்பாளரைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். வகுப்புத் தோழர்கள் கடைசி வரை ‘நீங்கள்’ போட்டுப் பேசினால் அந்தப் போலித்தனத்தை மூல ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள்.

தற்கொலை, வன்முறை, மனஅழுத்தம் எல்லாம் வர்ற புத்தகம். எப்படிப் பேசறது?

தொடக்கத்தில் ஒரே வரியில் முன்குறிப்புக் கொடுங்கள்: என்ன வருகிறது, நேராகக் காட்டுகிறார்களா அல்லது பேச்சில் மட்டும் வருகிறதா, எந்த அத்தியாயத்தில். ‘9ஆம் அத்தியாயத்தில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் காட்சி, ஒரு பக்கம்’ என்பது மாதிரி. யார் செய்கிறார் என்பதை விட்டுவிட்டால் கதையும் உடையாது. எப்படிச் செய்தார் என்ற விவரத்தை ஒருபோதும் எழுத வேண்டாம். படிப்பவர்களில் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

குழுவில் பேசுவதென்றால், ‘இந்தப் பகுதியைப் பற்றிப் பேச விருப்பமில்லை’ என்று காரணம் சொல்லாமல் விலக எல்லோருக்கும் உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புத்தகம் உங்களையே உலுக்கிவிட்டது என்றால் விமர்சனத்தை ஓரமாக வையுங்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே பேசுங்கள். எழுதுவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாரும் கொண்டாடுற புத்தகம் எனக்குப் பிடிக்கவே இல்லை. சொன்னா சண்டை வருமே?

மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும் முன்பே உங்கள் குறிப்பை எழுதி முடித்துவிடுங்கள். பிறகு எழுதினால், பிடிக்கவில்லை என்பதற்கு நீங்களே மன்னிப்புக் கேட்கும் தொனி வந்துவிடும், அல்லது தேவையில்லாத வேகம் வந்துவிடும். இரண்டும் கருத்தைக் கெடுக்கும்.

எழுதும்போது புத்தகத்தை மட்டும் பேசுங்கள், அதை விரும்பியவர்களைப் பேசாதீர்கள். ‘இதையெல்லாம் எப்படி ரசிக்கிறார்களோ’ என்ற ஒரு வரி போதும், உங்கள் நல்ல காரணங்களை யாரும் படிக்க மாட்டார்கள். இது யாருக்குப் பிடிக்கும் என்று ஒரு வாக்கியம் சேருங்கள்: “மெதுவாக நகரும் காதல் கதை பிடித்தவர்களுக்கு இது விருந்து. நட்பைப் பற்றிய கதை என்று நினைத்து எடுத்த எனக்கு ஏமாற்றம்.”

குழுவில ரெண்டு பேர்தான் பேசறாங்க. மத்தவங்க வாயே திறக்கறதில்லை.

ஆறிலிருந்து எட்டுப் பேர் வரை இருந்தால் ஒரு மணி நேரம் சரியாக வரும். பன்னிரண்டு பேர் என்றால் இரண்டாகப் பிரியுங்கள். வந்தவுடன் பேச ஆரம்பிக்காமல், மூன்று நிமிடம் எல்லோரும் தாளில் எழுதட்டும். அதன் பிறகு சுற்றில் ஆளுக்கு ஒரு நிமிடம், குறுக்கே யாரும் பேசக் கூடாது. எழுதி வைத்ததைப் படிப்பது என்றால் கூச்சக்காரர்களுக்கும் தைரியம் வரும்.

‘பிடித்ததா?’ என்ற கேள்வியோடு ஆரம்பித்தால் ‘ம்’ என்று முடிந்துவிடும். ‘எந்த இடத்தில் அவன் மேல் உங்கள் எண்ணம் மாறியது?’, ‘ஒரு காட்சியை நீக்கலாம் என்றால் எதை நீக்குவீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும், திறந்தால் பேச்சு வரும். கூட இருக்கும் ஆசிரியரோ நூலகரோ கடைசியில் பேசட்டும். அவர் முதலில் தன் கருத்தைச் சொல்லிவிட்டால் மீதிப் பேர் அதற்கு ஒத்தூதுவதோடு நின்றுவிடுவார்கள்.

நாங்க சொல்றதை யாராவது மதிக்கறாங்களா?

கோன்கூர் என்பது பிரான்சின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசு. அங்கே 1988 முதல் மேல்நிலைப் பள்ளி மாணவர்களே தேர்ந்தெடுக்கும் கோன்கூர் பரிசு ஒன்றும் தனியாக இருக்கிறது. மூத்த நடுவர்கள் கையிலெடுக்கும் அதே நாவல் பட்டியலைச் சுமார் 2,000 மாணவர்கள் படித்து, விவாதித்து, தங்கள் தேர்வைத் தனியாக அறிவிக்கிறார்கள். பிரிட்டனில் சிறுவர், இளையோர் நூல்களுக்குத் தரப்படும் கார்னெகி பதக்கத்தின் இறுதிப் பட்டியலைப் பள்ளி வாசிப்புக் குழுக்களும் படித்துக் கருத்து எழுதுகின்றன. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு, 12 முதல் 18 வயதினர் வாக்களிக்கும் ‘டீன்ஸ் டாப் டென்’ பட்டியலை வெளியிடுகிறது. உங்கள் பள்ளியில் இப்படி எதுவும் இல்லையென்றால் ஐந்து புத்தகம், எட்டு வாசகர், ஒரு வாக்குப்பெட்டி போதும், நீங்களே நடத்தலாம்.

பதிப்பகம் இலவசமா புத்தகம் கொடுத்தாங்க. நல்லதாத்தான் எழுதணுமா?

இல்லை. இலவசமாக வந்தது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, நினைத்ததை எழுதுங்கள். ‘நல்லபடியாக எழுதுவேன்’ என்று முன்கூட்டி வாக்குக் கொடுத்து எந்தப் புத்தகத்தையும் வாங்காதீர்கள். வெளியீட்டுக்கு முன் வரும் பிரதி என்றால் அது பெரும்பாலும் மெய்ப்புத் திருத்தி முடியாதது. எழுத்துப்பிழையைக் குறையாகச் சொல்ல வேண்டாம், மேற்கோள் காட்டும் வரியை அச்சான புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

என் பேரு, பள்ளிக்கூடம் எல்லாம் போடணுமா?

புனைபெயரும் வயதும் போதும். வயது தேவை, ஏனென்றால் 13 வயது வாசகரும் 17 வயது வாசகரும் ஒரே புத்தகத்தை வேறு விதமாகப் படிப்பார்கள். பள்ளியின் பெயர், சீருடைப் படம், தொலைபேசி எண் வேண்டாம். சமூக ஊடகத் தளங்கள் பலவற்றில் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழே என்றால் வீட்டுப் பெரியவர் கணக்கில், அவர் பார்த்த பிறகு போடுங்கள்.

எழுத்தாளரை டேக் பண்ணலாமா?

பாராட்டினால் பண்ணுங்கள், மகிழ்வார். குறை சொல்லியிருந்தால் வேண்டாம். விமர்சனம் அடுத்த வாசகருக்காக எழுதுவது. அவரை அழைத்து உட்காரவைத்துத் திட்டுவது மாதிரி ஆகிவிடக் கூடாது.

செயற்கை நுண்ணறிவுகிட்ட எழுதி வாங்கினா என்ன தப்பு? அது நல்லாவே எழுதுதே.

வாக்கியம் வழுவழுப்பாக வரும், உண்மைதான். ஆனால் அதனிடம் உங்கள் ஒட்டுத்தாள்கள் இல்லை. எந்தப் பக்கத்தில் நீங்கள் புத்தகத்தை மூடி வைத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. அதனால் பெரும்பாலும் ‘நல்லா இருந்துச்சு’ கேள்வியில் பார்த்த முதல் நான்கு வரியையே நீட்டி எழுதித் தரும். அதிகம் பேசப்படாத புத்தகம் என்றால் இல்லாத காட்சியையும் தவறான பாத்திரப் பெயரையும் நம்பிக்கையோடு சேர்த்துவிடும். படித்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள், அதன் பிறகு நீங்கள் சொந்தமாக எழுதுவதையும் நம்ப மாட்டார்கள். எழுதி முடித்த பிறகு எழுத்துப்பிழை பார்க்கப் பயன்படுத்துங்கள், அதோடு சரி.

ஒரு வருஷம் கழிச்சுப் படிச்சா என் கருத்தே மாறிடுச்சு. பழசை அழிச்சுடட்டுமா?

அழிக்காதீர்கள். பழைய கருத்தின் கீழே ஒரு கோடு போட்டு, தேதியும் இப்போதைய வயதும் எழுதி, என்ன மாறியது என்று நாலு வரி சேருங்கள். 14இல் ‘இந்த அம்மா கொடுமைக்காரி’ என்று எழுதியவர் 16இல் ‘அந்த அம்மா பயந்துபோயிருக்கிறாள், முதல் தடவை எனக்கு அது தெரியவில்லை’ என்று எழுதினால், அந்த நாவலைப் படிக்கப்போகும் 14 வயதுக்காரருக்கும் 16 வயதுக்காரருக்கும் ஆளுக்கொரு வழிகாட்டி கிடைத்துவிடுகிறது. நட்சத்திரம் மாறினாலும் பழைய எண்ணை அப்படியே விட்டுவிட்டுப் புதியதைப் பக்கத்தில் போடுங்கள்.